கிண்ணமும் சிரட்டையும்

தேவாலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து முடிந்த பிறகு, ரசம் ஊற்றிய அந்தச் சின்னக் கிண்ணங்களை யார் கழுவுகிறார்கள்? ஒரு தட்டில் 40 கிண்ணம், மூன்று தட்டென்றால் 120. ஆராதனையில் தட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்கள் வெள்ளை வேட்டி, சால்வையோடு வரும் மூப்பர்கள். கழுவும்போது அநேகமாக இரண்டு பெண்களின் கைகள்தான் தண்ணீரில் இருக்கும். அதில் ஒருவர் ஆலயப் பணியாளரின் மனைவியாக இருப்பார். மற்றவர் யாரென்று பெயர் சொல்லச் சபைச் செயலாளருக்கே கொஞ்ச நேரம் எடுக்கும்.

முற்போக்குக் கிறிஸ்தவம் என்றால் மேல்நாட்டில் நடக்கும் விவாதம், ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டிய இறையியல் என்று யாழ்ப்பாணத்தில் பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்த மண்ணில் அந்தக் கேள்வி ஏட்டிலிருந்து வரவில்லை, பாத்திரத்திலிருந்து வந்தது. எந்தப் பாத்திரத்தில் யாருக்கு ஊற்றுவது, யார் ஊற்றியதை யார் குடிப்பது என்பதுதான் இங்கே விசுவாசம், பண்பாடு, அரசியல் மூன்றும் முட்டிக்கொள்ளும் இடம்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. வானசாஸ்திரமும் கணிதமும் படிக்க வந்த பிள்ளைகள் மிஷன் வளவுக்குள் சமைத்தது தீட்டு, சாப்பிட மாட்டோம் என்றார்கள். அவர்களுக்காகச் சமையல் வளவுக்கு வெளியே, சைவக்காரர் ஒருவரின் காணியில் நடந்தது. அறிவுக்குக் கதவைத் திறந்த மிஷன் அடுப்பங்கரையில் விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுக்காவிட்டால் பிள்ளைகளே வந்திருக்க மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. கணக்குச் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கடனை அடுத்த தலைமுறைகள்தான் அடைக்க வேண்டியிருந்தது.

அடைக்க முனைந்தவர்களும் அதே வட்டுக்கோட்டையிலிருந்துதான் வந்தார்கள். 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், ஹண்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்களோடு, தீண்டாமைக்கு எதிராக வெளிப்படையாக நின்றது. 1927 இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் இவர்களே. பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கும் சமஆசனம் வந்தபோது பாடசாலைக் கொட்டில்கள் எரிக்கப்பட்டன. 1957 இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தேங்காய்ச் சிரட்டையும் போத்தலும் தகரப்பேணியும், மற்றவர்களுக்குக் கண்ணாடித் தம்ளரும் தொடர்ந்தன. 1966 ஒக்ரோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்துக்கும் அதன்பின் நடந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களுக்கும் பின்னால் இருந்தது இந்தத் தம்ளர்தான். அந்தப் போராட்டங்களை முன்னின்று நடத்தியவர்கள் இடதுசாரிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் ‘ஒரே அப்பம், ஒரே சரீரம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த சபைகள் அல்ல.

சபைகள் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருமுறை வடிவாக வாசித்துப் பார்க்கலாம். 1 கொரிந்தியர் 11 இல் பவுல் கோபப்படுவது ஒரு சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்து. வசதியானவர்கள் முந்தி வந்து உண்டு, குடித்து வெறித்துப் போகிறார்கள். மற்றவர்கள் பசியோடு நிற்கிறார்கள். ‘இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா’ என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தக் கோபத்தின் தொடர்ச்சியாகத்தான் ‘அபாத்திரமாய்’ புசிப்பது பற்றிய எச்சரிக்கை வருகிறது. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் அந்தச் சொல்லுக்குள்ளேயே பாத்திரம் இருக்கிறது. ஆனால் சபைகளில் அது எப்படி விளங்கிக்கொள்ளப்பட்டது? தனிமனித ஒழுக்கச் சோதனையாக. கணவனைப் பிரிந்து வாழும் பெண், குடியை விட முடியாமல் தவிக்கிறவர், கலியாணம் எழுதாமல் குடும்பம் நடத்துகிறவர்கள், இவர்கள் பயந்து வாங்கிலேயே இருந்துவிடுகிறார்கள். யாரை யாரோடு இருத்தக்கூடாது என்று நினைப்பவர் எழும்பி முன்னால் போகிறார். பவுலின் வசனம் யாரை நிறுத்த எழுதப்பட்டதோ அவரைத் தவிர மற்ற எல்லாரையும் நிறுத்திவிட்டது.

இனி மேசைக்கு வருவோம். புரட்டஸ்தாந்து சபைகளில் ரசம் கொடுக்க மூன்று வழி: பொதுக்கிண்ணம், அப்பத்தை ரசத்தில் தோய்த்துக் கொடுப்பது, ஆளுக்கொரு சின்னக் கிண்ணம். கத்தோலிக்கத் திருப்பலியில் பெரும்பாலும் அப்பம் மட்டும் என்பதால் இந்தச் சிக்கல் அங்கே குறைவு. அங்கே பிரச்சினை வேறு வடிவத்தில், திருவிழாச் செலவை ஏற்கும் உபயத்திலும் கல்லறை நிலமான சேமக்காலையிலும் வரும்.

சின்னக் கிண்ணங்கள் 1890 களில் அமெரிக்கச் சபைகளில் கிருமிப் பயத்தால் வந்தவை. காசநோய்க் காலத்தில் அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. கொரோனாவோடு பொதுக்கிண்ணத்தை நிறுத்திய சபைகளில் அது திரும்பி வரவேயில்லை என்றால், காரணம் உண்மையில் கிருமிதானா என்று ஒருமுறையாவது நிர்வாகசபையில் கேட்க வேண்டும். மற்றவர் வாய் வைத்ததில் வாய் வைக்க அருவருப்பு என்பது இந்த ஊரில் வெறும் சுகாதாரப் பேச்சு அல்ல. எச்சில் என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு அகராதி உண்டு.

பொதுக்கிண்ணத்தையே வைத்துக்கொள்ளும் சபை செய்ய வேண்டியவை இவை. கிண்ணம் உலோகமாக இருக்க வேண்டும். மண், மரம் வடிவாக இருக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சும். ஒரு ஆளுக்கு ஏறக்குறைய 5 மில்லிலீற்றர் கணக்கு, 100 பேருக்கு அரை லீற்றர். ஒவ்வொருவர் குடித்த பின்பும் விளிம்பை உள்ளும் புறமும் சுத்தமான பருத்தித் துணியால் துடைத்து, கிண்ணத்தைக் கால்வாசி திருப்பி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். துணியை 15 பேருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரே துணியால் கடைசிவரை துடைப்பதுதான் வழக்கமான பிழை.  வைன் கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பியிருக்கவும் கூடாது, அந்தச் சில விநாடிகளுக்குள் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. தடிமன், காய்ச்சல் உள்ளவர் அப்பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஆராதனைக்கு முன் அறிவிக்க வேண்டும். தோய்ப்பது பார்க்கச் சுத்தம். ஆனால் விரல் நுனி ரசத்தில் படும், விரலில் இருப்பது உதட்டில் இருப்பதைவிட மோசமாகவும் இருக்கலாம். தோய்ப்பதென்றால் குருவானவரே தோய்த்துக் கொடுக்கட்டும்.

சின்னக் கிண்ணம் என்று தீர்மானித்தால் அதிலும் வழி இருக்கிறது. ஒரு கிண்ணத்துக்கு 10 மில்லிலீற்றர், விளிம்பிலிருந்து சற்றுக் குறைத்து. முட்ட ஊற்றினால் தட்டு கைமாறும்போது சிந்தும், மேற்தட்டு சிந்தினால் கீழ்த்தட்டு ஒட்டும். மூக்குள்ள சின்னக் கேத்தலோ கெச்சப் போத்தலோ இருந்தால் 40 கிண்ணத்தை மூன்று நிமிடத்தில் நிரப்பலாம். கழுவுவதற்கு வாசனைச் சவர்க்காரம் கூடாது. அடுத்த மாதம் ரசத்தில் எலுமிச்சை மணக்கும். சுடுதண்ணீரில் போட்டு எடுத்து, வெள்ளைத் துணியில் கவிழ்த்து, காய்ந்த பின் எண்ணி வைக்க வேண்டும். கழுவும் முறைப்பட்டியலை அறிவித்தற் பலகையில் ஒட்டுங்கள், ஆண்களின் பெயர்களோடு, மூப்பர்களின் பெயர்களோடு, குருவானவரின் பெயரோடு. பட்டியல் ஒட்டிய முதல் மாதமே யார் யாருக்கு அன்றைக்கு ‘அவசர வேலை’ வருகிறது என்று தெரிந்துவிடும்.

ரசம் வைனாக இருக்க வேண்டுமா? குடியால் குடும்பங்கள் சீரழியும் ஊரில், குடியை விட்டு ஆறு மாதமான ஒருவருக்கு முன்னால் வைனை நீட்டிவிட்டு ‘இது வேறு’ என்று விளக்கம் சொல்வது கொடுமை. முந்திரிகைப்பழரசம் போதும். வேதப்புத்தகத்தில் திராட்சரசம். நம்மூரில் அது முந்திரிகை, நீர்வேலியிலும் உரும்பிராயிலும் பந்தல் போட்டு வளர்ப்பது. (கசுவை முந்திரி என்கிற இந்தியத் தமிழர் இந்த இடத்தில் குழம்ப வேண்டாம்.) ஒரு கிலோ பழத்தில் அரை லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகச் சாறு வரும். பழம் இல்லாத மாதங்களில் முந்திரிகை வத்தல்: அரைக் கிலோ கறுப்பு வத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, மேலே பூசியிருக்கும் எண்ணெயைப் போக்கி, இரண்டு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் மெல்லிய நெருப்பில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, மரக்கரண்டியால் மசித்து, ஆறியதும் துணியில் வடித்தால் ஒன்றரை லீற்றர் அளவில் கிடைக்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு உலோகத்தை இழுக்கும். வெள்ளிக்கிழமை காய்ச்சிக் குளிர்சாதனப்பெட்டிக்கு வெளியே வைத்தால் ஞாயிறு காலை மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று சத்தம் வரும். அது புளித்துவிட்டது, அதாவது நீங்கள் எதைத் தவிர்க்க நினைத்தீர்களோ அதுவாகத் தொடங்கிவிட்டது.

அப்பத்துக்கு 450 கிராம் பாண் ஒன்று 100 பேருக்குத் தாராளம். சூட்டுப் பாண் வெட்ட வராது, உதிரும். முதல்நாட்பாண் நல்லது. பெரும்பாலான சபைகளில் கரையை வெட்டி, இரண்டு சென்ரிமீற்றர் கட்டிகளாக்கி, துணி மூடி வைத்துவிடுகிறார்கள். வசதிதான். ஆனால் ‘பிட்டு’ என்று சொல்லும் இடத்தில் பிடுவதற்கு ஒன்றும் இருக்காது. ஒரு முழுப் பாணையாவது மேசையில் வைத்து, எல்லார் கண்ணுக்கும் முன்னால் பிட்டு, முதல் வரிசைக்கு அதிலிருந்து கொடுக்கலாம். தெல்லிப்பழையில் 1908 இல் பிறந்து, 1948 இல் அம்ஸ்ரடாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதலாவது பேரவையில் பிரசங்கித்த டி. ரி. நைல்ஸ், நற்செய்தி சொல்வதென்பது ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று சொல்வது மாதிரி என்றார். உலகமெல்லாம் எடுத்தாளும் வாசகம். யாழ்ப்பாணத்து மண்ணில் பிறந்தவரின் வாய்க்கு அது எப்படி வந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும்: இங்கே பிச்சைக்காரனுக்கும் பேணி தனி.

யார் முதலில் வாங்குவது என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். முன்வாங்குக் குடும்பங்கள் முதலில் எழும்பினால், பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதியில் ஒருமுறைக்கு 12 பேர் முழந்தாளிடும்போது அந்த 12 பேரும் தானாகவே ஒரே சொந்தக்காரர்களாக இருப்பார்கள். யாரும் திட்டமிடவில்லை, ஆனால் பந்தி பிரிந்துவிட்டது. பின்வாங்கிலிருந்து தொடங்குங்கள். அல்லது இடப்பக்க வரிசையில் ஆறு, வலப்பக்க வரிசையில் ஆறு என்று கலந்து கூப்பிடுங்கள். முதல் இரண்டு மாதம் முணுமுணுப்பு வரும். ‘ஒழுங்கு கெடுது’ என்பார்கள். எந்த ஒழுங்கு என்று கேட்காமல் தொடர்ந்து செய்தால் ஆறாவது மாதம் அதுவே ஒழுங்காகிவிடும். முழங்கால் மடிக்க முடியாதவர்களுக்கும், போரில் கால் இழந்தவர்களுக்கும் கடைசியில் வாங்குக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதைவிட முதலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மேசைக்குத் திரும்புவது நல்லது. பீடத்துக்கு ஏறும் மூன்று படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்டுவது அதைவிட நல்லது.

ஆராதனைக்குப் பிந்திய சாப்பாட்டில்தான் உண்மை தெரியும். சமபந்திப் போசனம் என்று அறிவித்து, ஒடுக்கப்பட்ட கிராமத்து ஆக்களைக் கூப்பிட்டு, மற்றவர்கள் பரிமாறி, படமெடுத்துப் போடுவது அன்னதானம். அதற்குச் சமபந்தி என்று பெயர் வைக்கக்கூடாது. அவர்கள் சமைத்ததை மற்றவர்கள் சாப்பிடுகிறார்களா என்பதுதான் சோதனை. சாதி இங்கே ஒருநாளும் நேராக ‘மாட்டேன்’ என்று சொல்லாது. ‘வீட்டில சாப்பிட்டிட்டு வந்தனாங்கள்’ என்னும். வாழைப்பழம் ஒன்றை எடுத்துக்கொள்ளும். உடைக்காத சோடாப் போத்தலை மட்டும் வாங்கிக் குடிக்கும். உறை பிரிக்காத பிஸ்கற்றுக்கும் மூடி திறக்காத சோடாவுக்கும் தீட்டு இல்லை என்பது யாழ்ப்பாணத்தின் பழைய சட்டம். ஆகவே ஒரு சின்ன யோசனை: அன்றைக்குச் சோடாவும் பிஸ்கற்றும் வாங்காதீர்கள். 100 பேருக்கு 12 கிலோ அரிசி, 3 கிலோ பருப்பு, 5 கிலோ பூசணி, 5 கிலோ கத்தரிக்காய், 15 தேங்காய், அப்பளம், மோர். சமையற்குழுவைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். வீட்டு வீட்டாகக் கறி கொண்டுவரச் சொன்னால் எந்தச் சட்டி தொடப்படாமல் திரும்பிப் போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும், கொண்டுவந்தவருக்கு முதலில் தெரியும். எல்லாம் ஒரே கிடாரத்தில் வெந்தால் அந்த அவமானத்துக்கு இடமில்லை.

அயலில் உள்ள சைவர்களையும் முஸ்லிம்களையும் கூப்பிடும்போது வேறொரு நிதானம் வேண்டும். விரதகாரருக்கு மச்சமாமிசம் படாத பாத்திரம், முஸ்லிம் விருந்தினருக்கு ஹலால். இது தனிப்பாத்திரம்தானே, அதுவும் பிரிவினைதானே என்று சிலர் கேட்பதுண்டு. விருந்தினர் தன்னுடைய நியமத்துக்காகக் கேட்கும் தனிப்பாத்திரம் வேறு, வீட்டுக்காரர் தன்னுடைய அருவருப்புக்காக ஒதுக்கும் தனிப்பாத்திரம் வேறு. முழுச் சமையலையும் மரக்கறியாக்கிவிட்டால் அரைவாசிச் சிக்கல் தீரும். யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாழும் சோனகதெருவிலிருந்து விருந்தினர் வந்து மேசையில் இருக்கும் நாளில் 1990 ஒக்ரோபரையும் மறக்கக்கூடாது. இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, சபைகளில் பெரும்பாலானவை வாய் திறக்கவில்லை. பாவஅறிக்கை என்ற பகுதி ஆராதனை முறையில் ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஒரு வரி எழுதப் பேனா மட்டும் போதும்.

வேண்டுதல்களுக்கும் இதே கவனம் வேண்டும். நவம்பர் 2 இல் மரித்தோர் பெயர்களை வாசிக்கும்போது காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்களை அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் போராட்டம் தொடங்கிய தாய்மார் கேட்பது ‘எங்கே’ என்று. பட்டியல் ‘இறந்தார்’ என்று பதில் சொல்லிவிடுகிறது. வீட்டாரிடம் போய்க் கேளுங்கள்: பெயரை வாசிக்கலாமா, எந்த நாளில், எந்தச் சொல்லோடு? ஒரே வீட்டில் தாய்க்கு ஒரு பதிலும் மனைவிக்கு ஒரு பதிலும் இருக்கலாம். அப்போது இரண்டு பேரும் சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கடைசியாகக் கஞ்சி. மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சாத ஊர் இப்போது குறைவு. 2009 இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சிக்கியவர்கள் குடித்த கஞ்சியின் நினைவு அது. 2024 மே மாதத்தில் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்கள் உட்படச் சிலர் கைதானார்கள். அரிசி, தண்ணீர், உப்பு மூன்றும் அரசாங்கத்துக்குப் பயம் தரும் பொருட்களாகிவிட்டன. ‘என்னை நினைவுகூரும்படி’ என்று சொல்லி வாழும் ஒரு மார்க்கத்துக்கு, சாப்பாட்டால் நினைவுகூர்வது ஏன் ஆபத்தாகத் தெரிகிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு கிலோ சிவப்புப் பச்சையரிசிக்கு 12 லீற்றர் தண்ணீர், 50 கிராம் உப்பு. அரிசி வெடித்துக் கரையத் தொடங்கும்வரை முக்கால் மணித்தியாலம் கொதிக்கட்டும், அடி பிடிக்காமல் கிண்ட வேண்டும். பெரிய நெருப்பில் அவசரப்பட்டால் அடி கருகி முழுக் கிடாரமும் புகை மணக்கும், பிறகு தண்ணீர் விட்டாலும் போகாது. ஆளுக்கு 200 மில்லிலீற்றர் என்றால் 50 பேருக்குப் போதும். தேங்காய்ப்பால், பயறு, கீரை சேர்த்து ருசியாக்காதீர்கள். அந்த வைகாசியில் வரிசையில் நின்றவர்களுக்குக் கிடைத்தது இதுதான், அதுவும் கிடைத்த நாளில்.

அதை எதில் ஊற்றுவது? சிரட்டையில் கொடுப்பது இப்போது வழக்கம். இளையவர்களுக்குச் சிரட்டை 2009. ஆனால் வரிசையில் நிற்கும் எழுபது வயதுக்காரர் ஒருவருக்கு அது 1960 களின் தேநீர்க்கடை வாசலாக இருக்கலாம். நினைவுகூர்வதற்காக நீட்டும் பாத்திரமே அவருடைய கைக்குத் தீயாகும். ஆகவே முன்கூட்டியே கேட்க வேண்டும், கூட்டத்தில் அல்ல, வீட்டுக்குப் போய். அவர் வேண்டாம் என்றால் எல்லாருக்கும் வேண்டாம். எவர்சில்வர் பேணியிலோ கடதாசிக் கோப்பையிலோ கொடுக்கலாம். அவருக்கு மட்டும் பேணி என்று ஏற்பாடு செய்யவே கூடாது. சரி என்றால் குருவானவருக்கும் சிரட்டை, பிரதம விருந்தினருக்கும் சிரட்டை. வரிசை முழுக்கச் சிரட்டையும் மேடையில் இருப்பவருக்குத் தம்ளரும் என்றால் 1966 இலிருந்து ஒரு அடியும் நகரவில்லை.

சிரட்டையில் கண் உள்ள பாதியை ஒதுக்கிவிடுங்கள், ஒழுகும். மற்றப் பாதியை உடைந்த கண்ணாடித் துண்டால் உள்ளே சுரண்டி, தும்பு போக வெளியே அரத்தாள் தேய்த்து, உப்புத் தண்ணீரில் ஒரு கொதி கொதிக்கவைத்து வெயிலில் காயவிட்டால் தயார்.  50 பேருக்கு 60 சிரட்டையாவது வேண்டும், சில வெடிக்கும். முடிந்த பிறகு சேர்த்து வைக்காதீர்கள், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புக்குப் போட்டுவிடலாம், நல்ல தணல். அடுத்த வைகாசிக்குப் புதிதாகத் தேட வேண்டும், அந்த எழுபது வயதுக்காரரிடமும் புதிதாகக் கேட்க வேண்டும்.